‘கோப்பு தயார்’: குடியாத்தம் பயிலகத்தில் ஒரு டவுன்லோடு கோளாறு

பின்னணி

வேலூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பராமரிக்கிறோம். பெரிய கோப்புகளை இறக்க உதவும் ஏரியா2 என்ற திறமூலக் கருவிக்கு மேலே மாட்டிய தமிழ்ச் சட்டை என்று அதைச் சொல்லலாம். ஏரியா2 நல்ல கருவி. ஒரே கோப்பைப் பல இணைப்புகளில் பிரித்து இழுக்கும், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும், டொரன்ட்டும் (பலரிடமிருந்து துண்டு துண்டாகக் கோப்பை வாங்கும் முறை) எடுக்கும். ஆனால் டெர்மினலில் கட்டளை அடித்து ஓட்ட வேண்டும், அது பேசுவதெல்லாம் ஆங்கிலம். எங்கள் ஸ்கிரிப்ட் லிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நான்கு இணைப்புகளோடு ஏரியா2-வை ஓட்டி, முடிவைத் தமிழில் சொல்லும். மொத்தம் இருநூறு வரிகூட வராது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

அதில் ஒருவர் குடியாத்தத்தில் கம்ப்யூட்டர் பயிலகம் நடத்தும் அம்மா. முதலில் தட்டச்சுப் பயிலகமாக இருந்து, பிறகு கம்ப்யூட்டர் சேர்ந்த இடம். மூலையில் இரண்டு டைப்ரைட்டர்கள் இன்னும் உறை போட்டபடி நிற்கின்றன. கம்ப்யூட்டர்கள் 11. எல்லாமே நான்காம் தலைமுறை இன்டெல் செயலி, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 இந்தச் செயலிகளை அதிகாரபூர்வமாக ஏற்காது. பதினொன்றையும் மாற்றப் பணம் இல்லை. டேலி வகுப்புக்கு ஐந்தை அப்படியே விட்டுவிட்டு, தட்டச்சு, கடிதம், கணக்குத்தாள் வகுப்புகளுக்கான ஆறில் உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவானது. அந்த யோசனையைச் சொன்னதும் நாங்கள்தான். அதனால் கோளாறு வந்தபோது பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே.

வேலையை எடுத்துக்கொண்டது அங்கே உதவிக்கு இருக்கும் பையன். பரதராமி பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவன், கெட்டிக்காரன்.

முதல் புகார்

அக்டோபர் இரண்டாம் வாரம், மாலை ஏழு மணி வாக்கில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் தேவையான தகவலில் பாதி அதிலேயே இருந்தது.

“அண்ணா, உபுண்டு ஃபுல்லா எறங்கிடுச்சு, தயார்னு வந்துச்சு. சைஸும் கரெக்டா கீது. பென் டிரைவ்ல ஏத்தி போட்டா பூட் மெனு வர்துண்ணா, ஆனா இன்ஸ்டால் பாதில நின்னுடுது. ஏதோ ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்னு ஓடுது.”

உபுண்டு ஐஎஸ்ஓவின் (இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஒற்றைப் பெரிய கோப்பு) உள்ளே, சிஸ்டம் முழுவதையும் சுருக்கிக் கட்டிய ஒரு பெரிய மூட்டை இருக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது அந்த மூட்டை கட்டப்பட்ட முறை. அதில் பிழை வந்தால் மூட்டைக்குள் ஏதோ ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்று பொருள். கோப்பு கெட்டிருக்கலாம், பென் டிரைவ் கெட்டிருக்கலாம், ராம் கெட்டிருக்கலாம்.

நாங்கள் கடைசி இரண்டையும் முதலில் பிடித்துக்கொண்டோம்.

சுற்றிய நாட்கள்

ஐஎஸ்ஓ ஆறு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எங்களில் ஒருவருக்கு உடனே நினைவுக்கு வந்தது ஃபேட்32. அந்த முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு உட்காராது. “பென் டிரைவ் எந்த ஃபார்மேட்?” என்று கேட்டோம். பையனும் பொறுமையாகப் படம் எடுத்து அனுப்பினான். அவன் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுக்கவே இல்லை, ஐஎஸ்ஓவை வட்டு பிம்பமாக நேரடியாக எழுதியிருந்தான். அங்கே ஃபேட்32-க்கு வேலையே இல்லை. ஒரு நாள் போனது.

அடுத்து வேறு பென் டிரைவ். அதே இடத்தில் அதே பிழை. அடுத்து வேறு கம்ப்யூட்டர். அதுவும் அப்படியே. ராம் சோதனையை ஓட்டச் சொன்னோம், ஒரு குறையும் இல்லை.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள்: எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை ஏன் முதலிலேயே ஒப்பிடவில்லை? உபுண்டு தன் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் அந்த எண்ணை வெளியிடுகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். நாங்கள் கேட்காததற்குக் காரணம் கூச்சம் தருவது. ஸ்கிரிப்ட் ‘தயார்’ என்று சொன்னதால் அதுவே சரிபார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஸ்கிரிப்டில் அந்த வசதி உண்டு, ஆனால் பயனர் எண்ணைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பையன் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை.

நான்காம் நாள் கேட்டோம். எண் ஒத்துப்போகவில்லை. சரி, நெட்டில் எங்கோ கெட்டுவிட்டது, “மறுபடி இறக்கிப் பாருங்க” என்றோம். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “மறுபடி போட்டுட்டேண்ணா, தயார்னுதான் சொல்து. நம்பர் இப்பவும் தப்பு.” புது எண்ணையும் அனுப்பியிருந்தான்.

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. பயிலகம் மூடியிருந்தது. போகும் முன் அந்த அம்மா போனில் சொன்னது: “தம்பி, சும்மா குடுக்கிறதுன்னா இப்படித்தான் இருக்கும்போல. விண்டோஸே இருக்கட்டுமா?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒரே எண் இரண்டு முறை

பண்டிகை முடிந்து ஓர் இரவு, பழைய செய்திகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். பையன் அனுப்பிய இரண்டு எஸ்எச்ஏ எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 64 எழுத்துகள். இரண்டும் தவறு, இரண்டும் ஒன்றே, கடைசி எழுத்து வரை.

இணைப்பில் கெட்ட கோப்பு அப்படிக் கெடாது. முதல் முறை ஓரிடத்தில் கெட்டால் அடுத்த முறை வேறிடத்தில் கெடும், எண்ணும் மாறிவிடும். ஒரே தவறான எண் இரண்டு முறை வந்தால் இரண்டு வழிதான். அந்தப் பக்கத்து சர்வரிலேயே கோப்பு கெட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டாம் முறை எதுவுமே இறங்கியிருக்கக் கூடாது.

காலையில் பையனுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மறுபடி இறக்கியபோது எவ்வளவு நேரம் ஆனது?

“ரெண்டு செகண்டுண்ணா.”

“முதல் தடவை?”

“முதல் தடவை மூணு நாளு, ஊட்ல. செல் ஹாட்ஸ்பாட்ல. தினம் ரெண்டு ஜிபிதானே பேக்கு. மீதிய பயிலகத்துல வந்து போட்டேன், அதுவும் ரெண்டு செகண்டுல முடிஞ்சிடுச்சு. இங்க நெட்டு நல்லா கீதுன்னு நெனச்சேன்.”

பயிலகத்து இணைப்பு 10 எம்பிபிஎஸ். மீதி இருந்தது 800 எம்பி அளவு என்று வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்துக்குக் குறைந்து வரவே வராது. ஆறு ஜிபி முழுவதும் என்றால் 80 நிமிடம். அவனுக்கு அது உறுத்தவில்லை என்பதைவிட, இத்தனை நாளில் நாங்கள் நேரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதுதான் குறை.

நேரில் கண்டது

தீபாவளி கழிந்த ஞாயிறு, பள்ளிகொண்டா வழியாகக் குடியாத்தம் போனேன். பையன் தன் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தான். வீட்டில் இறக்கிய ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னேன். அங்கே இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று ஐஎஸ்ஓ, முழு அளவில். இன்னொன்று அதே பெயரோடு ‘.ஏரியா2’ என்று முடியும் குட்டிக் கோப்பு. பயிலகத்துக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் அவன் எடுத்துவந்தது பெரியதை மட்டும்.

“இது ஏதோ டெம்ப் ஃபைலுன்னு வுட்டுட்டேண்ணா.”

எங்கள் பக்கம் இப்படி விளக்கினால் எளிதாகப் புரிகிறது. நடவுக்கு நான்கு பேரை அழைத்து, கழனியை நான்காகப் பிரித்து, ஆளுக்கொரு மூலையிலிருந்து நடச் சொல்கிறோம். வரப்பு முதல் நாளே கட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கழனியின் அளவு முழுசுதான். எந்தப் பகுதியில் நாற்று நட்டாயிற்று, எங்கே வெறும் சேறு என்பது மேஸ்திரியின் குறிப்பில் மட்டும் இருக்கிறது. ஏரியா2 வழக்கமாக இறக்கத் தொடங்கும் முன்பே வட்டில் முழு இடத்தையும் ஒதுக்கிவிடும், அதுதான் வரப்பு. நான்கு இணைப்புகளும் நான்கு இடத்திலிருந்து நிரப்பும். மேஸ்திரியின் குறிப்பு அந்த ‘.ஏரியா2’ கோப்பு. எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான். இறக்கம் முழுதாக முடிந்தால் ஏரியா2 அதைத் தானே அழித்துவிடும். ஆக, அது கிடந்தாலே வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

குறிப்பு இல்லாமல் கழனி மட்டும் பயிலகத்துக்கு வந்தது. ஏரியா2 பார்த்தது: அதே பெயர், சர்வர் சொல்லும் அதே அளவு, குறிப்புக் கோப்பும் இல்லை. அப்படியானால் ஏற்கெனவே முடிந்த கோப்பு. அது ஆங்கிலத்தில் அப்படியே சொல்லவும் செய்தது: இறக்கம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று. பிழை இல்லை என்பதற்கான 0 என்ற எண்ணைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் ஸ்கிரிப்ட் அந்த 0-வை மட்டும் பார்த்துவிட்டு, ஏரியா2-வின் வரியை மறைத்து, தன் வரியைக் காட்டியது: “இறக்கம் முடிந்தது. கோப்பு தயார்.”

அந்த ‘ஏற்கெனவே’ என்ற ஒரு சொல் திரையில் இருந்திருந்தால் பையன் முதல் நாளே கேட்டிருப்பான். ஆங்கிலம் புரியாதவர்களுக்கு உதவ எழுதிய ஸ்கிரிப்ட், ஆங்கிலத்தில் இருந்த ஒரே துப்பையும் துடைத்துவிட்டது. ‘தயார்’ என்பது ஏரியா2 சொன்னதே இல்லை. அழகாக இருக்கிறதே என்று நான் சேர்த்த சொல் அது.

உறுதி செய்துகொள்ள, பயிலகத்துக் கோப்பை ஹெக்ஸ்டம்ப் கருவியில் ஓடவிட்டோம். கோப்பின் பைட்டுகளை வரி வரியாக எண்ணாகக் காட்டும் கருவி அது. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் அவற்றைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போடும். திரை வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றதுபோல் ஆனது. நிறுத்திப் பார்த்தோம். ஒரு வரி முழுக்கப் பூஜ்யம், அடுத்த வரியில் தனியாக ஒரு நட்சத்திரம், அதற்கடுத்த வரியில் இடமுகவரி பல நூறு எம்பி தாண்டிப் போயிருந்தது. அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குள் இருந்தது நடாத சேறு. பையன் திரையில் விரலை வைத்து, “இவ்ளோவும் காலியாண்ணா?” என்றான். அந்த அம்மாவும் எழுந்துவந்து பார்த்தார். அன்று அவருக்கு நான் சொன்ன எந்த விளக்கத்தையும்விட அந்த நட்சத்திரம்தான் எடுபட்டது.

மின்தடையால் வந்த கோளாறா என்றும் ஒருமுறை யோசித்தோம். குறிப்புக் கோப்பை ஏரியா2 வழக்கமாக 60 வினாடிக்கு ஒருமுறைதான் சேமிக்கும், திடீரென்று கரன்ட் போனால் கணக்கு பிசகலாம். ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. அதோடு பையன் ஒவ்வொரு முறையும் முறையாகத்தான் நிறுத்தியிருக்கிறான். அதை விட்டுவிட்டோம்.

சரிசெய்த விதம்

எளிய வழி, கெட்டதை அழித்துவிட்டு 80 நிமிடம் காத்திருப்பது. லேப்டாப்பில் குறிப்புக் கோப்பு இருந்ததால் அதையே தொடர்ந்திருக்கவும் முடியும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் குறிப்பைத் தொலைத்துவிட்ட வேறு ஒருவருக்கும் அது உதவும்.

உபுண்டு தன் ஐஎஸ்ஓக்களுக்கு டொரன்ட் கோப்பும் தருகிறது. டொரன்டுக்குள் கோப்பின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தனித்தனி சரிபார்ப்பு எண் இருக்கிறது. முழுக் கோப்புக்கு ஒரே எண் இருந்தால் ‘கெட்டது’ என்று மட்டும்தான் தெரியும். துண்டுக்கு ஓர் எண் இருந்தால் எது கெட்டது என்றும் தெரிந்துவிடும். முதலில் பழுதான கோப்பை ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்தோம். பிறகு டொரன்டை அதே ஃபோல்டரில் இறக்கி, ஏரியா2-வின் முழுமைச் சோதனைத் தேர்வோடு ஓட்டினோம். இரண்டாம் முறை இறக்கிப் பார்த்த பிறகு பையன் ஐஎஸ்ஓவின் பெயரைச் சுருக்கி வைத்திருந்தான். டொரன்டில் உள்ள பெயரை அப்படியே திருப்பி வைத்த பிறகே அது கோப்பை அடையாளம் கண்டது.

சோதனை முடிந்ததும் 87 சதவீதம் சரி என்று வந்தது. மீதி 13-ஐ மட்டும் இழுத்தது. கால் மணி நேரம். முடிந்த பிறகும் கருவி ஓடிக்கொண்டே இருந்ததைப் பார்த்துப் பையன் பதறினான். டொரன்டில் வாங்கிய அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும் வரை பகிர்வது ஏரியா2-வின் வழக்கம். செல் பேக்கில் இருப்பவர்களுக்கு அந்தப் பதிவேற்றமும் கணக்கில் சேரும் என்பதால், பகிரும் நேரத்தைப் பூஜ்யமாக வைக்கும் தேர்வைக் காட்டிக் கொடுத்தேன்.

எஸ்எச்ஏ எண் ஒத்துப்போனது. மாலைக்குள் முதல் கம்ப்யூட்டரில் உபுண்டு ஏறியது. அந்த வாரத்துக்குள் ஆறும்.

ஸ்கிரிப்டில் எடுத்த முடிவுகள்

திரும்பி வந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். ‘தயார்’ என்ற சொல்லை எடுத்துவிடுவதில் வாதமே இல்லை. இப்போது ஸ்கிரிப்ட் மூன்று விதமாகப் பேசும்: ‘இப்போது இறங்கி முடிந்தது’; ‘இதே அளவில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, உள்ளே சரியா என்று பார்க்கவில்லை’; ‘எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, சரி’. ஏரியா2-வின் சொந்த வரியும் கீழே சிறிதாக வரும்.

மிகவும் உபயோகமான மாற்றம் பையன் சொன்னது. “ஃபோல்டரா குடுத்திருந்தா ஃபோல்டரையே தூக்கினு வந்திருப்பேண்ணா.” அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு இறக்கமும் ‘முடியாதது’ என்று பெயரிட்ட தனி ஃபோல்டருக்குள் நடக்கிறது, குறிப்புக் கோப்பும் அதற்குள்ளேயே. முடிந்த பிறகுதான் கோப்பு வெளியே வரும். குறிப்பு எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கருத்து வேறுபட்ட இடமும் ஒன்று உண்டு. செல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவர்களுக்கு நான்கு இணைப்புகளே வேண்டாம், ஒரே இணைப்பில், முன்கூட்டி இடம் ஒதுக்காமல் இறக்கலாம் என்பது என் கட்சி. அப்போது கோப்பு வந்த அளவுக்கே வளரும், எங்கே தூக்கிப்போனாலும் அளவு பொய் சொல்லாது. இட ஒதுக்கீட்டை மட்டும் நிறுத்தினால் போதாது. நான்காவது இணைப்பு கடைசிப் பகுதியில் எழுதத் தொடங்கியதுமே கோப்பின் அளவு முக்கால் பங்கைத் தாண்டிவிடும், நடுவில் ஓட்டைகள் இருக்கும். மற்ற இருவரும் வேகம் போய்விடும் என்றார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். அது இப்போது ஒரு தேர்வாக மட்டும் இருக்கிறது.

புகார் வாங்கும் முறையையும் மாற்றினோம். முன்பு சிஸ்டம் எது, வெர்ஷன் எது, பிழைச் செய்தி என்ன என்று கேட்டோம். இப்போது முதல் கேள்வி: தொடங்கியதிலிருந்து என்னென்ன செய்தீர்கள், எந்த மெஷினில், எவ்வளவு நேரம் ஆனது? குரல் செய்தியாகவே சொல்லலாம்.

அதற்குப் பிறகு

பயிலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்களும் ஓடுகின்றன. தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை மட்டும் அந்த அம்மா கேட்ட அமைப்பில் வர இரண்டு நாள் பிடித்தது, அது வேறு கதை.

எங்கள் மாற்றமும் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பல தளங்கள் எஸ்எச்ஏ எண்ணே தருவதில்லை, அங்கெல்லாம் ஸ்கிரிப்ட் ‘உள்ளே சரியா என்று பார்க்கவில்லை’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆரணியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “முன்னாடி தயார்னு சொல்லும், நிம்மதியா இருந்துச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் சந்தேகமா பேசுது.” அந்தப் புகாரை இன்னும் மூடவில்லை. வேறு எப்படிச் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டிருக்கிறோம்.